ஆய்வுலகில் தகவல் மிகைச்சுமையும் தன்விளம்பர அழுத்தமும்

ஆய்வுலகில் தகவல் மிகைச்சுமை என்பது ஒரு துறையில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளின் அளவு, அத்துறையினரின் வாசிக்கும் திறனை விஞ்சி நிற்கும் நிலையைக் குறிக்கும். தன்விளம்பர அழுத்தம் என்பது ஓர் ஆய்வாளர் தம் ஆய்வைச் செய்வதோடு நில்லாமல், அதனைப் பிறர் கவனிக்கும்படி தாமே எடுத்துச் சொல்லவும், எண்ணிக்கையிலும் மேற்கோள்களிலும் முன்னிற்கவும் வேண்டிய கட்டாயத்தைக் குறிக்கும்.

இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினும் ஒன்றையொன்று வளர்ப்பவை ஆகும். கட்டுரைகள் பெருகப் பெருக ஒவ்வொரு கட்டுரைக்கும் கிடைக்கும் கவனம் குறைகிறது. கவனம் குறையும்போது ஆய்வாளர்கள் கூடுதலாக எழுதவும் உரக்கப் பேசவும் தலைப்படுகின்றனர். அதனால் கட்டுரைகள் மேலும் பெருகுகின்றன. பொறியியலில் இத்தகைய அமைப்பு நேர்ப் பின்னூட்டச் சுழற்சி எனப்படும். வாசகரின் சுமையைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட கருவிகளே பிற்காலத்தில் ஆய்வாளரை அளக்கும் கோல்களாக மாறியமை இச்சுழற்சிக்கு வலுச் சேர்த்தது.

சொற்பயன்பாடு

தகவல் மிகைச்சுமை என்னும் கருத்தைப் பொதுமக்களிடையே பரவச் செய்தது ஆல்வின் டாஃப்லர் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட 'எதிர்கால அதிர்ச்சி' என்ற நூல் ஆகும். அமெரிக்கப் பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1971 இல் இதனை வேறொரு கோணத்தில் விளக்கினார். தகவல் எதனை உண்டு வாழ்கிறது என்று கேட்ட அவர், அது பெறுநரின் கவனத்தை உண்கிறது என்றும், எனவே தகவல் மிகுந்த இடத்தில் கவனம் வறுமையுறும் என்றும் எடுத்துரைத்தார்.

ஆய்வாளர் மீதான அழுத்தத்தைக் குறிக்க ஆங்கிலக் கல்வியுலகில் வழங்கும் மரபுத்தொடரைத் தமிழில் 'வெளியிடு அல்லது அழிந்துபோ' எனலாம். சமூகவியலாளர் லோகன் வில்சன் 1942 இல் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர்களைப் பற்றிய நூலிலேயே இத்தொடர் இடம்பெற்றுள்ளது.

வரலாறு

நூல்கள் மிகுந்துவிட்டன என்ற முறையீடு பழமையானது. சுவிட்சர்லாந்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர், 1545 இல் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளில் இருந்த நூல்களுக்கு ஒரு பெரும் நூற்பட்டியலை வெளியிட்டார். அப்போதே அவர் நூல்களின் பெருக்கம் குறித்துக் கவலை தெரிவித்துள்ளார்.

முதல் ஆய்விதழ்கள் 1665 இல் தோன்றின. அவ்வாண்டு சனவரியில் பாரிசிலும், மார்ச்சில் இலண்டனிலும் இதழ்கள் தொடங்கப்பட்டன. இலண்டன் இதழை அரச கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கினார். அதுவே 'மெய்யியல் நடவடிக்கைகள்' என்னும் பெயரில் இன்றும் வெளிவருகிறது. நீண்ட நூல்களுக்கும் தனிமடல்களுக்கும் மாற்றாகச் சுருக்கமான அறிக்கைகளை வழங்கியதால், ஆய்விதழ் என்பதே தொடக்கத்தில் தகவலை எளிதாக்கும் ஒரு கருவியாக இருந்தது எனலாம்.

இதழ்கள் பெருகியபோது அவற்றைச் சுருக்கித் தரும் இதழ்கள் தேவைப்பட்டன. 1830 இல் செருமனியில் வேதியியல், மருந்தியல் கட்டுரைகளுக்கான சுருக்க இதழ் தொடங்கியது. அமெரிக்காவின் 'வேதியியல் சுருக்கங்கள்' 1907 இல் தொடங்கியது.

பிரைசின் அளவீடு

இப்பெருக்கத்தை முதன்முதலில் விரிவாக அளந்தவர்களுள் முதன்மையானவர் டெரெக் டி சொல்லா பிரைஸ் ஆவார். இவர் 1940களின் இறுதியில் சிங்கப்பூரில் இருந்த ராஃபிள்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். கல்லூரி நூலகக் கட்டடம் முடிவடையாத நிலையில், 'மெய்யியல் நடவடிக்கைகள்' இதழின் பழைய தொகுதிகள் இவரது இல்லத்தில் வைக்கப்பட்டன. அவற்றைப் பத்தாண்டு வாரியாகச் சுவரோரம் அடுக்கி வைத்தபோது, அடுக்குகளின் உயரம் ஓர் அடுக்கேற்ற வளைகோடாக எழுவதை அவர் கண்டார்.

பின்னர் பிற தரவுகளையும் ஆராய்ந்து, அறிவியல் இதழ்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை இருமடங்காகிறது என்று கணித்தார். 1961, 1963 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட நூல்கள் அறிவியல் அளவையியல் என்னும் துறைக்கு அடிப்படையாயின. அடுக்கேற்ற வளர்ச்சி என்றென்றும் தொடர இயலாது, ஒரு கட்டத்தில் வளைகோடு தட்டையாக வேண்டும் என்றும் அவர் குறிப்பிட்டார்.

தற்கால அளவு

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் இடம்பெற்ற கட்டுரைகளை ஆராய்ந்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2016 இல் ஏறத்தாழ 19.2 இலட்சமாக இருந்த ஆண்டு எண்ணிக்கை 2022 இல் ஏறத்தாழ 28.2 இலட்சமாக உயர்ந்தது. ஆறாண்டுகளில் ஏற்பட்ட உயர்வு 47 விழுக்காடு ஆகும்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கான பப்மெட் தரவுத்தளத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்கின்றன. இது சராசரியாக நிமிடத்திற்கு இரண்டு என்ற அளவு ஆகும். மருத்துவச் சிகிச்சைச் சோதனைகள் மட்டுமே நாளொன்றுக்கு 75 வெளியாகின்றன என்று 2010 இல் வெளியான ஒரு கட்டுரை மதிப்பிட்டது. தம் துறையில் வெளியாகும் அனைத்தையும் படிக்கும் மருத்துவர் ஒருவர் நோயாளிகளைப் பார்க்க நேரமிராது.

வாசிக்கப்படாமையின் விளைவுகள்

மிகைச்சுமையின் முதன்மையான தீங்கு வாசகரின் களைப்பு அன்று. கண்டறியப்பட்ட ஒன்று பயன்படாமல் கிடப்பதே அதன் பெருந்தீங்கு ஆகும். இதற்குப் பின்வருவன எடுத்துக்காட்டுகள்:

மெண்டலின் மரபியல் விதிகள்: கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் செய்த ஆய்வு 1866 இல் வெளியானது. அந்த இதழ் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டும், 1900 இல் மூவர் அதனை மீளக் கண்டறியும் வரை அதன் முக்கியத்துவம் உணரப்படவில்லை. அமெரிக்கப் பொறியாளர் வானெவர் புஷ் 1945 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனைச் சுட்டிக்காட்டி, அற்பமானவற்றின் குவியலுக்குள் மெய்யான சாதனைகள் தொலைந்து போவதாக எச்சரித்தார்.

மீன் எண்ணெயும் ரேனோ நோயும்: சிக்காகோ பல்கலைக்கழகத்தின் டான் சுவான்சன் 1986 இல் இரு வேறு கட்டுரைத் தொகுப்புகளை ஒப்பிட்டார். ஒன்று, மீன் எண்ணெய் குருதியின் பாகுநிலையைக் குறைக்கிறது என்றது. மற்றொன்று, விரல்களில் குருதியோட்டம் தடைப்படும் ரேனோ நோயில் பாகுநிலை மிகுந்திருப்பதைக் கூறியது. இவ்விரு தொகுப்புகளும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவில்லை. மீன் எண்ணெய் அந்நோய்க்கு உதவக்கூடும் என்னும் கருதுகோள், யாரும் சேர்த்துப் படிக்காமையால் அச்சில் இருந்தும் அறியப்படாமல் இருந்தது.

மாரடைப்புச் சிகிச்சை: குருதிக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்து பற்றிய சோதனைகளைத் தொகுத்து 1992 இல் ஓர் ஆய்வு வெளியானது. 1973 இலேயே, 8 சோதனைகளில் 2,432 நோயாளிகள் பங்கேற்ற நிலையில், இம்மருந்து இறப்பைக் குறைக்கிறது என்பது புள்ளியியல்படி உறுதியாகியிருந்தது என்று அது காட்டியது. ஆயினும் முடிவுகள் ஒன்றுசேர்த்துப் பார்க்கப்படாமையால், 1988 வரை மேலும் 25 சோதனைகள் நடந்தன. அவற்றில் 34,542 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தோர்க்கு அம்மருந்து தரப்படவில்லை.

இத்தகைய நிலையை மாற்றும் நோக்குடன், சோதனை முடிவுகளை முறையாகத் தொகுத்து வழங்கும் காக்ரேன் அமைப்பு 1993 இல் தொடங்கப்பட்டது.

வடிகட்டிகள் அளவுகோல்களாதல்

வாசகரின் நேரத்தைக் காப்பது நூலக அறிவியலின் பழைய குறிக்கோள் ஆகும். சீர்காழியில் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன் 1931 இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றுள் நான்காவது விதி வாசகரின் நேரத்தைச் சேமிக்குமாறு கூறுகிறது. ஐந்தாவது விதி நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்கிறது. பெருக்கம் தவிர்க்க இயலாதது, ஆனால் அதன் சுமை வாசகர் மீது விழலாகாது என்பது இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கும்போது புலப்படும்.

இதே குறிக்கோளுடன் தொடங்கியதே மேற்கோள் சுட்டி. அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு 1955 இல் இதனை முன்மொழிந்தார். வழக்குத் தீர்ப்புகளைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கு எடுத்தாண்டன என்று காட்டும் சட்டத்துறைச் சுட்டி ஒன்று அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. ஒரு கட்டுரையை அடுத்து யார் யார் பயன்படுத்தினர் என்பதைப் பின்தொடர்ந்தால், தேவையான கட்டுரைகளை வாசகர் விரைவில் கண்டடையலாம் என்பது அவரது கருத்து. அவர் நிறுவிய நிறுவனம் 1960களில் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிடத் தொடங்கியது.

எந்த இதழ்களைச் சுட்டியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய உதவும் பொருட்டே தாக்கக் காரணி வகுக்கப்பட்டது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு நடப்பாண்டில் கிடைத்த மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது தாக்கக் காரணி ஆகும். இது இதழின் சராசரி மட்டுமே. பெரும்பாலான இதழ்களில் மிகச் சில கட்டுரைகளே மேற்கோள்களின் பெரும்பகுதியைப் பெறுவதால், இதனைக் கொண்டு ஒரு தனிக் கட்டுரையையோ அதனை எழுதியவரையோ மதிப்பிட இயலாது. எனினும் காலப்போக்கில் பணி நியமனம், பதவி உயர்வு, நிதிநல்கை ஆகியவற்றை முடிவு செய்யும் குழுக்கள் இதனையே நாடின. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பெறும் குழுவுக்கும் அனைத்தையும் படிக்க நேரமில்லை என்பதே இதற்குக் காரணம். அதாவது, மிகைச்சுமை ஆய்வாளரை மதிப்பிடுவோரையும் பாதித்தது.

2005 இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவர் எழுதியவற்றுள் 10 கட்டுரைகள் குறைந்தது பத்துப் பத்து மேற்கோள்களைப் பெற்று, 11 கட்டுரைகள் பதினோரு மேற்கோள்களை எட்டவில்லை எனில், அவரது எச்-சுட்டெண் 10 ஆகும். 2004 இல் தொடங்கிய கூகிள் ஸ்காலர் போன்ற தேடற்பொறிகளால் எவருடைய எண்ணையும் எவரும் சில நொடிகளில் காண இயன்றது.

ஓர் அளவீடு இலக்காக மாறினால் அது நல்ல அளவீடாக இராது என்னும் கருத்து, பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் குட்ஹார்ட் விதி என வழங்குகிறது. மேற்கோள் எண்ணிக்கைகள் இவ்விதிக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படுகின்றன.

தன்விளம்பரத்தின் வடிவங்கள்

மொழிநடை: பப்மெட்டில் உள்ள கட்டுரைச் சுருக்கங்களை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வு, 'புதுமையான', 'முன்னெப்போதும் இல்லாத' போன்ற புகழ்ச்சிச் சொற்கள் இடம்பெறும் சுருக்கங்கள் 1974–1980 காலத்தில் 2 விழுக்காடாக இருந்து 2014 இல் 17.5 விழுக்காடாக உயர்ந்ததாகத் தெரிவித்தது. ஆய்வுகளின் தரம் இதே அளவில் உயர்ந்ததாகக் கருத இடமில்லை.

கூறுபோடுதல்: ஒரே ஆய்வின் முடிவுகளைப் பிரித்துப் பல சிறு கட்டுரைகளாக வெளியிடுதல். இது எண்ணிக்கையை உயர்த்துகிறது. ஆனால் முழுப் பொருளையும் அறிய வாசகர் பல கட்டுரைகளைத் தேட வேண்டியுள்ளது.

தன்மேற்கோள்: ஒருவர் தம் முந்தைய கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டுதல். தொடர் ஆய்வுகளில் இது இயல்பானதே. மிகும்போது சுட்டெண்ணைச் செயற்கையாக உயர்த்தும்.

ஊடக அறிக்கைகள்: பிரித்தானியாவின் 20 பல்கலைக்கழகங்கள் 2011 இல் வெளியிட்ட 462 செய்தியறிக்கைகள் ஆராயப்பட்டு, முடிவுகள் 2014 இல் வெளியாயின. அவற்றுள் 40 விழுக்காடு மூலக் கட்டுரையில் இல்லாத அளவுக்கு மிகைப்படுத்திய அறிவுரைகளைக் கொண்டிருந்தன. நாளிதழ்களில் காணப்பட்ட மிகை, பெரும்பாலும் இவ்வறிக்கைகளிலேயே தொடங்கியது.

மதிப்பாய்வுக்கு முந்திய அறிவிப்பு: 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், அறை வெப்பநிலையில் அணுக்கருப் பிணைப்பை நிகழ்த்தியதாகச் செய்தியாளர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. விரிவான கட்டுரை வெளியாகும் முன்னரே உலகெங்கும் செய்தி பரவியது. பிற ஆய்வகங்களால் அதனை உறுதிப்படுத்த இயலவில்லை.

இணையத் தோற்றம்: 2008 இல் தொடங்கிய ரிசர்ச்கேட், அகாதெமியா போன்ற தளங்களும் பொதுவான சமூக வலைத்தளங்களும் ஆய்வாளர்களிடம் இடையறாத இருப்பை எதிர்பார்க்கின்றன. ஒரு கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்பதை அளக்கும் மாற்று அளவீடுகள் 2010 முதல் வழக்கத்திற்கு வந்தன.

பாதிக்கப்படுவோர்

கவனத்திற்கான போட்டி அனைவருக்கும் சமமானதன்று. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968 இல் மத்தேயு விளைவு என்னும் கருத்தை முன்வைத்தார். இருவர் ஒரே தரமுள்ள பணியைச் செய்தாலும் ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கே கூடுதல் மதிப்பு சேர்கிறது என்பது இதன் சாரம். வாசகர் திணறும் நேரத்தில் தெரிந்த பெயரைத் தேர்ந்தெடுப்பது எளிய வழியாகையால், மிகைச்சுமை இவ்விளைவைக் கூட்டுகிறது. 2021 இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 9 கோடி கட்டுரைகளை நோக்கி, ஒரு துறையில் கட்டுரைகள் பெருகும்போது மேற்கோள்கள் ஏற்கெனவே புகழ்பெற்ற கட்டுரைகளையே மேலும் சேர்வதாகவும், புதிய கருத்துகள் மேலெழுவது கடினமாவதாகவும் கூறியது.

தன்விளம்பரத்தில் பாலின வேறுபாடும் காணப்படுகிறது. 15 இலட்சம் கட்டுரைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வின்படி, ஆண்கள் பெண்களைவிட 56 விழுக்காடு மிகுதியாகத் தம்மைத் தாமே மேற்கோள் காட்டியுள்ளனர். முதல் ஆசிரியரும் இறுதி ஆசிரியரும் பெண்களாக உள்ள மருத்துவ, உயிர் அறிவியல் கட்டுரைகளில் புகழ்ச்சிச் சொற்கள் குறைவு என்றும், அச்சொற்கள் உள்ள கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் கூடுதல் என்றும் 2019 இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. எனவே அடக்கமாக எழுதுவோர் இழப்புக்குள்ளாகின்றனர்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹிக்ஸ் 1964 க்குப் பின் பத்துக்கும் குறைவான கட்டுரைகளையே வெளியிட்டார். அண்மை வெளியீடுகளின் பட்டியலைத் துறை கேட்டபோதெல்லாம் 'ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பியதாக அவர் கூறியுள்ளார். 2013 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெறும் வேளையில் அளித்த நேர்காணலில், இன்றைய சூழலில் தமக்குக் கல்விப்பணி கிடைத்திராது என்று அவர் குறிப்பிட்டார்.

கத்தலின் கரிக்கோ தூது ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு நிதிநல்கை பெற இயலாத நிலையில் 1995 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். அவரும் துரூ வைஸ்மனும் 2005 இல் வெளியிட்ட அடிப்படைக் கட்டுரை அவ்வேளையில் பெரிய கவனத்தைப் பெறவில்லை. அதனைப் பயன்படுத்தியே 2020 இல் கோவிட்-19 தடுப்பூசிகள் உருவாயின. இருவரும் 2023 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இவ்விரு நிகழ்வுகளும் பின்னாளில் வெற்றியில் முடிந்ததாலேயே அறியப்படுகின்றன. இடையில் ஆய்வைக் கைவிட்டுச் சென்றோரின் பணிகள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

முறைகேடுகள்

எண்ணிக்கையே மதிப்பாகும்போது எண்ணிக்கையை விற்பனை செய்யும் சந்தையும் உருவாகிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு, முறையான மதிப்பாய்வு இன்றிக் கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள் கொள்ளை இதழ்கள் எனப்படுகின்றன. போலியான கட்டுரைகளைத் தயாரித்து, ஆசிரியர் இடத்தை விலைக்கு விற்கும் நிறுவனங்கள் கட்டுரை ஆலைகள் எனப்படுகின்றன. 2023 இல் உலகளவில் 10,000 க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் 8,000 க்கும் மேற்பட்டவை ஹிந்தாவி என்னும் ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வெளியானவை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010 இல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளையும் கணக்கில் கொள்ளும் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. இது கொள்ளை இதழ்கள் பெருக ஒரு காரணமாயிற்று என்ற விமரிசனம் எழுந்தது. 2018 மே மாதத்தில் அக்குழு தன் ஏற்புப் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களை நீக்கியது. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2022 இல் விலக்கப்பட்டது.

மாற்று முயற்சிகள்

2010: செருமானிய ஆய்வு நிதியமைப்பு, நிதிநல்கைக்கு விண்ணப்பிப்போர் தம் தன்விவரக் குறிப்பில் ஐந்து கட்டுரைகளை மட்டுமே குறிப்பிடலாம் என வரையறுத்தது.

2012: சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், ஆய்வாளரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தலாகாது என்னும் சாற்றுரையை உருவாக்கினர். இது 2013 இல் வெளியிடப்பட்டது.

2015: அளவீடுகளைப் பொறுப்புடன் பயன்படுத்துவதற்கான பத்து நெறிகளைக் கொண்ட லைடன் அறிக்கை வெளியானது.

2020: வெளியீட்டுக்குப் பணப்பரிசு வழங்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு சீன அரசு தன் ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

2021: நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் தாக்கக் காரணியைக் கைவிடுவதாக அறிவித்தது.

இதற்கிடையே, 2022 இறுதியில் பரவத் தொடங்கிய மொழி உருவாக்கச் செயலிகள் எழுதும் உழைப்பை வெகுவாகக் குறைத்துள்ளன. 2024 இல் வெளியான உயிர்மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 விழுக்காடு இவற்றின் துணையுடன் எழுதப்பட்டவை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முன்பதிப்புகளுக்கான ஆர்க்கைவ் தளம், 2025 அக்டோபரில் கணினியியல் பிரிவில் மதிப்பாய்வு பெறாத தொகுப்புரைக் கட்டுரைகளை ஏற்பதில்லை என அறிவித்தது. எழுதும் நேரம் குறைந்தும் படிக்கும் நேரம் குறையாமையே இங்கு எழும் சிக்கல் ஆகும்.

மாறுபட்ட கருத்துகள்

கட்டுரைகளின் பெருக்கத்தை முற்றிலும் தீமையாகக் கருதவியலாது என்போரும் உளர். ஆய்வில் ஈடுபடும் நாடுகளும் மக்களும் பெருகியதன் விளைவே இது என்பதும், தேடற்பொறிகளின் துணையால் முன்பைவிடக் கூடுதலாகக் கண்டடைய முடிகிறது என்பதும் அவர்களின் வாதம். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆய்வை மக்களுக்கு எடுத்துரைப்பது கடமையே அன்றித் தன்விளம்பரம் ஆகாது என்றும் கூறப்படுகிறது. மெண்டல் தம் பணியை மேலும் பரப்ப முயன்றிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

அளவீடுகளைக் கைவிட்டால், அறிமுகமும் செல்வாக்கும் உள்ளவர்களே பயனடையும் பழைய முறை திரும்பக்கூடும் என்ற அச்சமும் உள்ளது. புகழ்பெற்ற நிறுவனங்களின் பின்னணி இல்லாத ஆய்வாளர்க்கு மேற்கோள் எண்ணிக்கை சில வேளைகளில் ஒரே சான்றாக அமைகிறது. ஆகவே எண்களை முற்றாக நீக்குவதைவிட, முடிவு செய்வோர் சில கட்டுரைகளையேனும் நேரில் படித்து மதிப்பிடுவதே வேண்டப்படுவது எனச் சான் பிரான்சிஸ்கோ சாற்றுரையும் லைடன் அறிக்கையும் ஏறத்தாழ ஒரே குரலில் வலியுறுத்துகின்றன.

இவற்றையும் பார்க்க

அறிவியல் அளவையியல்
ஆய்விதழ்
எஸ். ஆர். அரங்கநாதன்
குட்ஹார்ட் விதி
சகமதிப்பாய்வு
தாக்கக் காரணி
மத்தேயு விளைவு